புத்தர் வயிற்று மூங்கில்: புதிய கழிகள் புடைக்காமல் நேராக வருவது ஏன்?

முல்லைக்கொடி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். புத்தர் வயிற்று மூங்கில் என்று சொல்லப்படும் அலங்கார மூங்கில் ஒன்றைத் தொட்டியில் வளர்த்து வருகிறேன். வாங்கியபோது முழங்கை உயரத்தில் சில கழிகள் இருந்தன. ஒவ்வொரு கணுவிடையும், அதாவது இரு கணுக்களுக்கு நடுவிலுள்ள பகுதியும், அடியில் பருத்து, மேலே இடுங்கி, சிறு குடுவைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தாற்போல் இருந்தது. அந்த வடிவம் பிடித்துப்போய்த்தான் வாங்கினேன்.

தொட்டி மிகவும் சிறியதாக இருந்ததால், அகலமும் ஆழமும் கூடிய தொட்டிக்கு மாற்றி, செம்மண்ணையும் மக்கிய தொழுவுரத்தையும் சம அளவில் கலந்து நிரப்பி, நாள்தோறும் நீர் ஊற்றி வருகிறேன். செடியின் செழிப்பில் குறையே இல்லை. ஆனால் தொட்டி மாற்றிய பிறகு கிளம்பிய முளைகள் அத்தனையும் சாதாரண மூங்கிலைப் போல வழுவழுப்பான உருளைக் கழிகளாக என் தலைக்கு மேல் வளர்ந்து நிற்கின்றன. ஒன்றில்கூட வயிறு இல்லை. பழைய கழிகளின் வடிவம் அப்படியே இருக்கிறது என்றாலும், அவை இப்போது தூரின் நடுவில் மறைந்துவிட்டன.

எனக்குள்ள ஐயங்கள் இவை. இந்த நேர்க்கழிகள் வயது கூடும்போது பருக்குமா, அல்லது இனிமேல் வரும் கழிகள் எல்லாமே இப்படித்தான் இருக்குமா? எனக்குக் கிடைத்தது உண்மையான வகைதானா? நீரைக் குறைத்தால் வயிறு விழும் என்று ஒருவர் சொன்னார். எவ்வளவு குறைப்பது, எப்போது குறைப்பது என்பதை அவரால் விளக்க முடியவில்லை. கீழ் இலைகள் சில மஞ்சளாகி உதிர்வதால், நீரைக் குறைப்பதற்கும் அச்சமாக இருக்கிறது. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.


இலைநிழல் எழுதியது:

முல்லைக்கொடி அவர்களுக்கு வணக்கம். முதல் கேள்விக்கான விடையை முதலில் சொல்லிவிடுகிறேன்: நேராக வளர்ந்துவிட்ட கழி ஒருநாளும் பருக்காது. அதற்காக நீங்கள் எதைச் செய்தாலும் பயனில்லை. இது இந்த வகைக்கு மட்டும் உரிய குணமன்று. மூங்கில் இனம் முழுவதற்குமே பொதுவானது. மா, வேம்பு போன்ற மரங்களில் பட்டைக்கு உட்புறம் ஆண்டுதோறும் புதுத் திசு உருவாவதால் அடிமரம் பருத்துக்கொண்டே போகிறது. மூங்கில் புல் இனத்தைச் சேர்ந்தது. அதில் அத்தகைய இரண்டாம்நிலைப் பருமன் வளர்ச்சி கிடையாது. ஒரு முளை மண்ணைவிட்டு வெளியே வரும்போது எவ்வளவு தடிமனோ, ஏறத்தாழ அதுதான் அந்தக் கழியின் வாழ்நாள் தடிமன். இரண்டு மூன்று மாதங்களில் முழு உயரத்தை எட்டிவிட்டு, பிறகு உள்ளே கெட்டிப்படுவதும் கிளை, இலை விடுவதும்தான் அதன் வேலை.

வயிறு எப்படி விழுகிறது என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். முளைக்குள் எல்லாக் கணுக்களும் ஏற்கெனவே நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு கணுவுக்கும் சற்று மேலே, கணுவிடையின் அடிப்பகுதியில் வளரும் திசு இருக்கிறது. அது இயங்கும்போது கணுவிடை நீள்கிறது. இந்த நீட்சி அடியிலிருந்து மேல்நோக்கி ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும். நீரும் தழைச்சத்தும் தாராளமாகக் கிடைத்தால் கணுவிடை தடையின்றி நீண்டு உருளையாகிவிடுகிறது. வேருக்கு இடமில்லாமலோ நீர் போதாமலோ நீட்சி தடைபட்டால், கணுவிடை குறுகி, அதன் கீழ்ப்பகுதி பக்கவாட்டில் பருத்துவிடுகிறது. நீங்கள் ரசித்து வாங்கிய அந்த வடிவம், நெருக்கடியில் வளர்ந்த செடி காட்டிய எதிர்வினை. நெருக்கடியை நீக்கினீர்கள், செடி தன் இயல்பு வளர்ச்சிக்குத் திரும்பிவிட்டது.

இதை அளவுகளாகப் பார்த்தால் வேறுபாடு வியப்பளிக்கும். நிலத்தில் வளரும் இயல்பான கழி 8 முதல் 10 மீட்டர் உயரமும் 3 முதல் 5 சென்டிமீட்டர் விட்டமும் கொள்ளும். ஒரு கணுவிடை 30 சென்டிமீட்டரையும் தாண்டும். அதே செடியின் புடைத்த கழியோ பெரும்பாலும் 25 முதல் 50 சென்டிமீட்டர் உயரத்திலேயே நின்றுவிடும். அதன் கணுவிடை 2 முதல் 5 சென்டிமீட்டர்தான். இரண்டையும் தனித்தனியாகப் பார்க்கும் ஒருவர் இரண்டு வகைச் செடிகள் என்றே எண்ணிக்கொள்வார். இடைப்பட்ட வடிவங்களும் உண்டு. முளை பாதி வளர்ந்த நிலையில் நீர் நிலைமை மாறினால், கீழே நான்கு கணுவிடைகள் குடுவையாகவும் அதற்கு மேல் முழுவதும் நேராகவும் ஒரே கழி அமைந்துவிடும். அப்படி ஒரு கழி உங்கள் தொட்டியில் இருந்தால், எந்தக் கட்டத்தில் நீர் கிடைத்தது என்பதைக் கழியே காட்டிவிடும்.

ஆகவே பழைய கழிகளை விட்டுவிட்டு, அடுத்து வரப்போகும் முளைகள்மீது கவனத்தைத் திருப்புங்கள். நீர்க்கட்டுப்பாடு பயன்தருவது முளை தலைகாட்டும் நேரத்திலிருந்து கழி நீண்டு முடியும் வரையிலான சில வாரங்களில்தான். ஆண்டு முழுவதும் செடியை வாட்டுவது வீண் கொடுமை. அதனால் முளைகளின் எண்ணிக்கைதான் குறையும்.

இலை மஞ்சளாவதைப் பொறுத்தவரை, கழியின் அடியில் உள்ள முதிர்ந்த இலைகள் சில மஞ்சளாகி உதிர்வதும் நுனிகளில் புதிய இலைகள் விரிவதும் ஒரே காலத்தில் நடந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை. மூங்கில் இலைகளை மாற்றிக்கொள்வது இப்படித்தான். நுனி இலைகளும் வெளிறி, தொட்டியின் மண் எப்போதும் சொதசொதவென்று இருந்தால், வேர் மூச்சுத் திணறுகிறது என்று பொருள். உதிர்ந்த இலைகளைத் தொட்டியிலேயே விட்டுவிடுங்கள். அவற்றில் சிலிக்கா மிகுதி, மக்கும்போது அது மீண்டும் செடிக்கே போய்ச் சேரும்.


பசுந்தூர் எழுதியது:

இலைநிழல் அவர்கள் கூறியது சரியே. ஆனால் இரண்டாவது கேள்வியை நாம் தாண்டிப் போய்விடக் கூடாது. விற்பனையில் இந்தப் பெயரில் இரண்டு வெவ்வேறு மூங்கில்கள் உலவுகின்றன. எது நம் கையில் இருக்கிறது என்று தெரியாமல் வளர்ப்பு முறையைப் பேசுவது பாதி வேலைதான்.

முதலாவது பம்பூசா வென்ட்ரிகோசா. தென்சீனத்தின் குவாங்டாங் பகுதியைச் சார்ந்த இந்த மூங்கிலை 1938ஆம் ஆண்டு மெக்ளூர் என்ற தாவரவியலாளர் முறைப்படி விவரித்துப் பெயரிட்டார். இது தனி இனமே அன்று, 1868இல் மன்ரோ விவரித்த பம்பூசா துல்டாய்டிஸ் என்னும் இனத்தின் தோட்ட வடிவம்தான் என்பது இன்று பலரும் ஏற்கும் கருத்து. எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது. ஏனெனில் நெருக்கடி இல்லாத இடத்தில் வளரும் வென்ட்ரிகோசாவைத் துல்டாய்டிசிலிருந்து பிரித்துச் சொல்வது எளிதன்று. இரண்டாவது பம்பூசா வல்காரிஸ் இனத்தின் 'வாமின்' என்னும் வகை. இதற்கும் கீழ்க்கணுவிடைகள் புடைத்திருக்கும். ஆனால் இதன் வயிறு நீரையும் தொட்டியையும் நம்பி வருவதன்று. நல்ல நிலத்தில் நட்டு நன்றாக நீர் பாய்ச்சினாலும் அடிக்கணுவிடைகள் குறுகிப் பருத்தே வரும். கழிகளும் வென்ட்ரிகோசாவைவிடத் தடிமனாக இருக்கும்.

உங்கள் செடி நேராகத் திரும்பிவிட்டது என்பதே அது வென்ட்ரிகோசா என்பதற்கு வலுவான சான்று. ஆனாலும் உறுதி செய்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. புதிய முளை ஒன்றின் கழியுறையை, அதாவது இளங்கழியைச் சுற்றி மூடியிருக்கும் மட்டையை, விரல் நுனியால் கீழிருந்து மேலாகத் தடவிப் பாருங்கள். வல்காரிஸ் இனத்தில் உறையின் வெளிப்புறம் கரும்பழுப்பு நிறச் சுணைகள் அடர்ந்திருக்கும். விரலில் ஒட்டிக்கொண்டு அரிக்கும். வென்ட்ரிகோசாவின் உறை மயிரின்றி வழுவழுப்பாக இருக்கும். இலையில் இது தலைகீழ். வென்ட்ரிகோசா இலையின் அடிப்புறத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் குறுமயிர்கள் மெல்லிய படலமாகத் தெரியும்; வல்காரிஸ் இலை இருபுறமும் மழமழவென்று இருக்கும். உறையையும் இலையையும் சேர்த்துப் பார்த்தால் குழப்பத்துக்கு இடமில்லை.

மஞ்சள் கழியில் பச்சைக் கோடுகள் ஓடும் ஒரு வென்ட்ரிகோசா வகையும் 'கிம்மெய்' என்ற பெயரில் கிடைக்கிறது. வளர்ப்பு முறை அதற்கும் இதேதான்.


முல்லைக்கொடி எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. பசுந்தூர் அவர்கள் சொன்னபடி உறையையும் இலையையும் சோதித்தேன். உறையில் சுணை ஏதும் இல்லை. இலையின் அடிப்புறத்தில் மெல்லிய மயிர்ப்படலம் தெரிகிறது. ஆகவே வென்ட்ரிகோசா என்றே கொள்கிறேன். உதிரும் இலைகள் யாவும் அடிக்கிளைகளில் இருப்பவை; நுனியில் புதிய இலைகள் விரிந்துகொண்டிருக்கின்றன.

நடைமுறையில் நீரை எவ்வளவு குறைப்பது என்பதுதான் இன்னும் பிடிபடவில்லை. எதுவரை வாடவிடுவது என்பதை எந்த அடையாளத்தைக் கொண்டு தீர்மானிப்பது? மேலும், முளையின் உறையை உரித்துவிட்டால் கணுவிடை குறுகும் என்று படித்தேன், அது உண்மையா? இப்போதுள்ள பெரிய தொட்டியிலேயே வைத்துக்கொண்டு இவற்றைச் செய்ய முடியுமா?


குறுந்தொட்டி எழுதியது:

நான் மூங்கிலைச் சிறு தொட்டிகளில் குள்ளமாக வளர்ப்பவன். ஆதலால் இந்த மூன்று கேள்விகளும் எனக்கு நெருக்கமானவை.

பெரிய தொட்டியில் நீரைக் கட்டுப்படுத்துவது கைக்கு அடங்காத வேலை. மேல்மண் காய்ந்து வெடித்திருக்கும். ஒரு சாண் ஆழத்தில் ஈரம் இருந்துகொண்டே இருக்கும். வேர் அங்கே போய்க் குடித்துவிடும். உங்கள் கண்ணுக்குச் செடி பட்டினி கிடப்பதாகத் தோன்றும், முளையோ நேராக வந்து நிற்கும். ஆகவே முதலில் தொட்டியை மாற்றுங்கள். 30 முதல் 40 சென்டிமீட்டர் அகலமுள்ள, ஆழம் அதைவிடக் குறைவான, மெருகு பூசாத சுட்ட மண்தொட்டி போதும். அதன் சுவர் வழியாகவும் ஈரம் ஆவியாகும் என்பதால் நீர்க்கட்டுப்பாடு நம் வசம் இருக்கும். அடியில் வடிகால் துளைகள் தாராளமாக இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: வாய் குறுகி நடுப்பகுதி அகன்ற தொட்டியில் மூங்கிலை ஒருபோதும் வைக்கக் கூடாது. கிழங்குகள், அதாவது மூங்கிலின் மண்ணடித் தண்டுகள், உள்ளே பரவி இறுகிய பிறகு, தொட்டியை உடைக்காமல் செடியை வெளியே எடுக்க இயலாது. நேர்ச்சுவர்த் தொட்டியிலேயே கூட, நெடுநாள் கவனிக்காமல் விட்டால் கிழங்கு நெருக்கித் தொட்டியைப் பிளந்துவிடும்.

மண் கலவையில் உரத்தைக் குறைத்து மணலைக் கூட்டுங்கள். தோட்டமண் இரண்டு பங்கு, பருமணல் இரண்டு பங்கு, நன்கு மக்கிய உரம் ஒரு பங்கு என்ற அளவை நான் கையாளுகிறேன். சம அளவு தொழுவுரம் என்பது உயரமாக வளர்க்க விரும்புபவருக்கு ஏற்ற கலவை. வயிற்றை விரும்புபவருக்கு அது எதிரி.

இனி நீர். இதற்கு நாள்கணக்கு சொல்வது பயனற்றது. வெயில், காற்று, தொட்டியின் அளவு எல்லாம் சேர்ந்து அதை மாற்றிவிடும். இலைதான் அளவுகோல். மூங்கில் இலை நீர்த்தட்டுப்பாட்டை உணர்ந்தவுடன் நீளவாட்டில் இரு ஓரங்களும் உள்நோக்கிச் சுருண்டு ஊசி போல் ஒடுங்கும். நண்பகல் வெயிலில் சுருண்டு மாலையில் தானே விரிந்துவிட்டால், இன்னும் பொறுக்கலாம். மாலை சாய்ந்து, மறுநாள் காலை வெயில் ஏறுமுன் பார்க்கும்போதும் சுருள் பிரியாமல் இருந்தால், அன்றே நீர் ஊற்றிவிட வேண்டும். ஊற்றும்போது அரைகுறையாகத் தெளிக்காமல், அடித்துளை வழியே வழியும் வரை ஊற்றுங்கள். இல்லாவிட்டால் அடிவேர் வறண்டே கிடக்கும். இலை நுனி பழுப்பாகி நொறுங்கத் தொடங்கிவிட்டால் நீங்கள் எல்லை தாண்டிவிட்டீர்கள் என்று பொருள். அந்த நிலையில் முளையே கருகிப்போகும். இந்தக் கட்டுப்பாடு முளை விடும் பருவத்துக்கு மட்டும்தான். கழி நீண்டு முடிந்து கிளையும் இலையும் விட்டபின் வழக்கம்போல் நீரும், நீர்த்த உரக்கரைசலும் கொடுத்துச் செடியைத் தேற்ற வேண்டும். அடுத்த பருவத்து முளைகளுக்கான சேமிப்பு அப்போதுதான் கிழங்கில் சேர்கிறது.

உறை உரிப்பது உண்மையான உத்திதான். தொட்டி மூங்கில் வளர்ப்போர் நெடுங்காலமாகக் கையாண்டு வருகிறார்கள். இளம் கணுவிடை மிருதுவாக இருக்கும்போது உறை அதற்குப் பிடிமானமாகவும் காப்பாகவும் இருக்கிறது. காலத்துக்கு முன்பே அதை நீக்கிவிட்டால் அந்தக் கணுவிடையின் நீட்சி நின்றுவிடும். முளை ஒரு விரல் நீளம் வளர்ந்ததும் அடி உறையை எடுக்கத் தொடங்கலாம். உறையின் விளிம்பு ஒன்றன்மேல் ஒன்றாக மடிந்திருக்கும் இடத்தைத் தேடி, அங்கே நகத்தை மெல்ல நுழைத்து, கழியைச் சுற்றியவாறே பக்கவாட்டில் பிரித்துக்கொண்டு போக வேண்டும். கீழ்நோக்கி இழுத்தால் கணுவில் உள்ள மொட்டும் சேர்ந்து கிழிந்து வந்துவிடும். அடியில் உள்ள கணுவிடை சற்றே தலைகாட்டியதும் ஓர் உறை, அடுத்தது தலைகாட்டியதும் அடுத்த உறை என்று பொறுமையாகப் போக வேண்டும். ஒரே நாளில் எல்லாவற்றையும் உரித்தால் முளை உளுத்த தண்டு போல் ஒடிந்து விழும். வேண்டிய எண்ணிக்கையில் கணுக்கள் அமைந்ததும் நுனியை ஒரு கணுவுக்குச் சற்று மேலே நறுக்கிவிடுங்கள். நறுக்கிய கழி அதற்குமேல் உயராது. அதன் வலு பக்கக்கிளைகளுக்குப் போகும்.


இலைநிழல் எழுதியது:

குறுந்தொட்டி அவர்களின் குறிப்பில் பெரும்பகுதியை ஏற்கிறேன். உறை உரிப்பதில் மட்டும் எனக்கு மாறுபட்ட கருத்து உண்டு. உரிப்பதால் கணுவிடை குறுகுவது உறுதி. ஆனால் குறுகுவதும் புடைப்பதும் ஒன்றல்ல. உறை உரித்த கழி பெரும்பாலும் நெருங்கிய கணுக்களோடு குட்டையாக வருகிறதே தவிர, நீர்க்கட்டுப்பாட்டினால் வரும் அந்தத் திரண்ட குடுவை வடிவம் அதில் அமைவதில்லை. கழியின் மேற்பரப்பும் வெயில் பட்டுத் திட்டுத்திட்டாக வெளுத்துவிடுகிறது. உள்ளங்கை உயரத்தில் ஒரு குள்ளச்செடி வேண்டும் என்பவருக்கு அது உரிய வழி. முல்லைக்கொடி அவர்கள் கேட்பது வயிறு. அவருக்கு வேர் நெருக்கமும் நீர்க்கட்டுப்பாடுமே போதும் என்பது என் எண்ணம்.

வெளிச்சத்தைப் பற்றி யாரும் குறிப்பிடவில்லை. நிழலில் வைத்த தொட்டியில் கணுவிடை வெளிச்சத்தைத் தேடி நீளும். நீரை எவ்வளவு குறைத்தாலும், வெயில் இல்லையென்றால் வயிறு சரியாகத் திரளாது. நாளொன்றுக்கு ஐந்தாறு மணி நேரமாவது நேரடி வெயில் படும் இடம் தேவை. வீட்டுக்குள் வைத்தால் இலை கொட்டும். வறண்ட அறைக்காற்றில் செஞ்சிலந்திப் பேன்களும் வந்து சேரும். குளிர் மிகுந்த இடங்களில் வளர்ப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: நிலத்தில் உள்ள செடி சுழியத்துக்குக் கீழே சில பாகைகள் வரை தாங்கும், தொட்டியில் வேர் நாற்புறமும் குளிர்காற்றுக்கு ஆட்படுவதால் அந்தத் தாங்குதிறன் குறைவு. உறைபனி விழும் நாட்களில் தொட்டியை மூடாக்கு இட்டோ உள்ளே எடுத்தோ காக்க வேண்டும்.


வேலியோரம் எழுதியது:

இடையில் குறுக்கிடுவதற்குப் பொறுத்தருள்க. வீட்டுக்குள் கண்ணாடிக் குவளையில் தண்ணீரில் நிற்கும் 'அதிர்ஷ்ட மூங்கில்' என்னிடம் இருக்கிறது. அதையும் வெயிலில் வைத்து, நீரைக் குறைத்து இப்படி வயிறு வரவழைக்க இயலுமா?


பசுந்தூர் எழுதியது:

வேலியோரம் அவர்களுக்கு: இயலாது, ஐயா. அது மூங்கிலே அன்று. டிராசீனா சாண்டெரியானா என்னும், புல் இனத்தோடு தொடர்பில்லாத வேறு செடி. கணு போலத் தெரிபவை இலை உதிர்ந்த தழும்புகள். நேர்வெயில் பட்டால் அதன் இலைகள் வெந்துவிடும். அதை இருக்கும் இடத்திலேயே விட்டுவிடுங்கள்.

முல்லைக்கொடி அவர்களுக்குப் பூச்சியைப் பற்றி ஒரு வார்த்தை. நீர்க்கட்டுப்பாட்டில் இருக்கும் செடியை மாவுப்பூச்சி எளிதில் பிடிக்கும். அது கழியில் வெளிப்படையாக உட்காராது. காய்ந்தும் உதிராத உறைகளுக்கு உள்ளே, கணுவை ஒட்டி வெள்ளைப் பஞ்சாக ஒளிந்திருக்கும். எறும்புகள் கழியில் ஏறி இறங்கினாலும், கீழ் இலைகளில் கரும்பூசணம் படிந்தாலும், முதலில் பழைய உறைகளைப் பிரித்துப் பாருங்கள். முற்றிய கழியின் காய்ந்த உறையை நீக்குவதில் எந்தத் தீங்கும் இல்லை. கழியின் வடிவமும் அப்போதுதான் முழுமையாகத் தெரியும். நீரைப் பீய்ச்சிக் கழுவிவிட்டு, வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலோடு கலந்து மாலையில் தெளித்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.


முல்லைக்கொடி எழுதியது:

எல்லோருடைய விளக்கங்களும் மிகுந்த தெளிவைத் தந்தன. சிறிய மண்தொட்டிக்கு மாற்றுவது என்று முடிவு செய்துவிட்டேன். ஆனால் இப்போதுள்ள தூர் அந்தத் தொட்டியில் அடங்காது; பிரித்தாக வேண்டும். எப்படிப் பிரிப்பது, எந்தப் பகுதியைத் தொட்டிக்கு வைத்துக்கொள்வது? நேர்க்கழியிலிருந்து எடுத்த கன்று நேராகத்தான் வருமா, புடைத்த கழியோடு உள்ள துண்டைத்தான் எடுக்க வேண்டுமா? உயர்ந்த நேர்க்கழிகளை வெட்டி எறிய மனம் வரவில்லை.


இலைநிழல் எழுதியது:

எந்தப் பகுதியிலிருந்து எடுத்தாலும் ஒன்றுதான். நேர்க்கழிக்கும் புடைத்த கழிக்கும் மரபு வேறுபாடு கிடையாது, ஒரே செடி. நேர்க்கழியிலிருந்து எடுத்த போத்தும் சிறு தொட்டியில் நெருக்கமாக வளர்ந்தால் வயிறு விடும். புடைத்த கழியோடு பிரித்த தூரும் நிலத்தில் நட்டால் விண்ணென்று நிமிர்ந்துவிடும். விற்பவர்கள் புடைத்த துண்டைக் காட்டி 'இதுதான் அசல்' என்று கூடுதல் மதிப்பு ஏற்றுவதுண்டு; அதில் பொருளில்லை.

பிரிப்பதற்கு ஏற்ற காலம், முளைகள் கிளம்பும் பருவத்துக்குச் சற்று முன்பு. முளை வெளியே வந்துவிட்ட நிலையில் தூரைக் கலைத்தால் அது கருகிவிடும். இந்த மூங்கிலின் கிழங்குகள் குட்டையானவை. ஒவ்வொரு கிழங்கும் மேல்நோக்கி வளைந்து ஒரு கழியாக முடியும். அதனால்தான் இது நிலத்தில் தூரமாக ஓடிப் படராமல் ஒரே இடத்தில் தூராக நிற்கிறது. ஒரு கிழங்கும் அடுத்த கிழங்கும் சேரும் இடத்தில் இடுங்கிய கழுத்து ஒன்று இருக்கும். மண்ணைக் கழுவிவிட்டுப் பார்த்தால் அது தெளிவாகத் தெரியும். கூரிய கைரம்பத்தால் அந்தக் கழுத்தில் அறுக்க வேண்டும். மண்வெட்டியால் கொத்தினால் கிழங்கு பிளந்து அழுகும். மூன்று நான்கு ஆண்டு முற்றிய கழிகளின் கிழங்குகளில் உயிருள்ள மொட்டுகள் குறைவு. ஓர் ஆண்டு அல்லது இரண்டு ஆண்டு வயதுடைய கழிகள் இரண்டு மூன்று சேர்ந்த துண்டாக எடுத்தால் கன்று தவறாமல் பிழைக்கும். மேலே இரண்டு மூன்று கணுக்களை விட்டு மீதிக் கழியை வெட்டிவிட்டு, புதிய இலை விரியும் வரை நிழலில் வைத்து ஈரம் காயாமல் பாருங்கள். இந்தக் கட்டத்தில் நீர்க்கட்டுப்பாடு வேண்டாம். வேர் பிடித்து, தொட்டியை நிரப்பி, அடுத்த முளைப்பருவம் வரும்போதுதான் அது.

வெட்டிய நேர்க்கழிகளையும் வீணாக்க வேண்டியதில்லை. மொட்டுள்ள கணுக்கள் இரண்டு இருக்குமாறு துண்டாக்கி, இடையிலுள்ள கணுவிடையில் ஒரு சிறு துளையிட்டு, உள்ளே நீர் நிரப்பி, துளையைக் களிமண்ணாலோ நெகிழித் தாளாலோ அடைத்துவிட்டு, துளை மேலே இருக்குமாறு மணலில் படுக்கை வாட்டில் புதைத்துவிடுங்கள். குழாயின் உள்ளிருக்கும் நீர் வேர்விடும் வரை கணுவை உலராமல் காக்கும். எல்லாத் துண்டும் பிழைக்காது, பிழைப்பவையே போதுமானவை. விதையை நம்பிக் காத்திருக்க வழியில்லை, இது பூப்பது மிக அரிது.


குறுந்தொட்டி எழுதியது:

ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறேன். இடம் இருந்தால், பிரித்ததில் ஒரு பாதியை நிலத்தில் நட்டுவிடுங்கள். அது உயரமான மறைப்பாக வளரும். தொட்டிச்செடிக்கு ஏதேனும் நேர்ந்தால் கன்று எடுக்கும் தாய்ச்செடியாகவும் நிற்கும். சுவரிலிருந்தும் நீர்க்குழாயிலிருந்தும் ஓரிரு மீட்டர் தள்ளி நடுவது நல்லது. ஓடிப் படராது என்றாலும் தூர் ஆண்டுதோறும் அகலும். ஆண்டுக்கு ஒருமுறை முற்றிய கழிகளை அடியோடு கழித்துவிட்டால் உள்ளே காற்றும் வெளிச்சமும் போகும்.

தொட்டியில் உள்ளதை இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை வெளியே எடுத்து, வேர்ப்பந்தின் ஓரங்களையும் அடியையும் மூன்றில் ஒரு பங்கு சீவிவிட்டு, புதுமண் இட்டு அதே அளவுத் தொட்டியிலேயே மீண்டும் வையுங்கள். அப்படி மண் மாற்றிய ஆண்டில் முளைகள் சற்று நேராக வரக்கூடும். வேர் மீண்டும் தொட்டிச் சுவரை முட்டியதும் வயிறு திரும்பிவிடும். அந்த நேர்க்கழிகளை மட்டும் அடியில் அறுத்து எடுத்துவிடுங்கள்.